9750 ரூபாயை 97500 என்று காட்டிய திரை: மீன் நிறுவை நிலையம் ஒன்றில் கர்சர் நிலை பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றில், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் மீன் நிறுவை நிலையத்தில் நடந்த விஷயம் இது. சங்கத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். புரோகிராமை எழுதிய இளைஞர்கள் இருவரும், நடந்ததை அப்படியே எழுதலாம், மற்றவர்களுக்கு உதவட்டும் என்று சம்மதித்தார்கள். நான் அவர்களுக்கு முன்பு வகுப்பெடுத்தவன். பிரச்சினை வெடித்த பிறகு கூப்பிட்டார்கள், போனேன்.

டெர்மினலில், அதாவது எழுத்தை மட்டும் காட்டும் கணினித் திரையில், ஓர் எண்ணை ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றிக் காட்டும் வேலை சின்ன வேலையாகத்தான் தெரியும். அந்த எண்ணைப் பார்த்து ஆட்கள் காசு வாங்கும் இடத்தில் அது சின்ன வேலை அல்ல.

பின்னணி

விடியற்காலையில் படகுகள் கரைக்கு வரும். மீனை வகை பிரித்துப் பெட்டியில் போட்டு நிறுவைக்குக் கொண்டு வருவார்கள். கிலோ விலை ஏலத்தில் முடிவாகும். எடையையும் தொகையையும் சங்கத்தின் எழுதுவினைஞர் துண்டில் எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டைக் காட்டித்தான் பிறகு காசு எடுப்பது.

தராசின் எண்காட்டி எழுதுவினைஞரின் பக்கம் பார்த்து நிற்கும். மீனைக் கொண்டு வந்தவர் எட்டிப் பார்த்தால்தான் எடை தெரியும். சனம் கூடி நிற்கும் நேரத்தில் அதுவும் நடவாது. யாரும் களவு செய்ததாகப் பேச்சு இல்லை. ஆனாலும் தன் உழைப்பின் எடையைத் தன் கண்ணால் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தானே. "எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒரு ரீவீல போடுங்கோ" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள்.

சங்கம் அந்த வேலையை, கணினி படித்து முடித்துவிட்டு ஊரிலேயே இருந்த ஒரு தம்பியிடமும் ஒரு தங்கச்சியிடமும் கொடுத்தது. காசு குறைவு. பழைய மடிகணினி ஒன்று, அதில் லினக்ஸ். மண்டபத்தில் சும்மா கிடந்த தொலைக்காட்சி. தராசின் பின்புறம் ஒரு சீரியல் துளை இருந்தது. அதிலிருந்து யூஎஸ்பி மாற்றி வழியாக எடை மடிகணினிக்கு வரும். புரோகிராம் பைத்தானில் எழுதப்பட்டது. வரைகலைச் சாளரம் எதுவும் செய்யாமல், டெர்மினலிலேயே எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். இயந்திரம் பழையது, மின்சாரம் போய் வந்தாலும் சட்டென்று எழும்ப வேண்டும், பழுதாகக்கூடிய பாகங்கள் குறைவாக இருக்க வேண்டும். அந்தத் தெரிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திரையின் அமைப்பு இப்படி: மேலே சங்கத்தின் பெயரும் வலது ஓரத்தில் நேரமும். 5ஆம் வரியில் எடை, அதே வரியில் கொஞ்சம் தள்ளிக் கிலோ விலை. 8ஆம் வரியில் தொகை. 10ஆம் வரியிலிருந்து 14ஆம் வரிவரை கடைசியாக நிறுத்த பெட்டிகளின் பட்டியல். தராசு ஒவ்வொரு வாசிப்போடும் எடை நிலையாக நிற்கிறதா, ஆடுகிறதா என்ற குறியையும் அனுப்பும். நிலையான எடையை மட்டும் புரோகிராம் திரையில் போடும். எழுதுவினைஞர் விலையைத் தட்டி என்டர் அழுத்தும்போது மட்டும் தொகை மாறும்.

முதல் அறிகுறி

முதலில் கவனித்தவர் எழுதுவினைஞர் அக்கா. பெட்டியை இறக்கிய பிறகு தராசின் எண்காட்டி 0.0 என்று நிற்க, மடிகணினியில் 0.02 என்று நின்றது. இன்னொரு முறை 0.07. சில வேளை சரியாக 0.0. சோளகம் அடிக்கிற காலம். மேடையில் காற்றுப் பட்டால் தராசு ஆடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் காற்றின் வேலை என்று நினைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் முன் தராசின் பூச்சியப் பொத்தானை அழுத்தத் தொடங்கினார். அது ஒன்றையும் மாற்றவில்லை.

தராசு பார்ப்பவரையும் சங்கம் கூப்பிட்டது. அவர் படிக்கல் வைத்துப் பார்த்துவிட்டுத் தராசு சரி என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் அது சரியாகத்தான் இருந்தது.

துப்பு அந்த எண்ணிலேயே இருந்தது. இந்தத் தராசு 100 கிராம் படியில் நிறுப்பது; எடையை ஒரு தசம தானத்தோடு மட்டும்தான் அனுப்பும். 0.02 என்ற எண் அந்தத் தராசிலிருந்து வரவே முடியாது. ஆனால் எண்ணைப் பார்க்கிறவர் அதன் அளவைத்தான் பார்ப்பார், எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பார்க்க மாட்டார். இருபது கிராம் என்பது மீன் நிறுவையில் யாரும் பெரிதாக எடுக்காத அளவு.

சம்பவம்

அன்று காலை ஒருவருடைய விளைமீன் பெட்டி 38.2 கிலோ. கிலோ 1300 ரூபாய், தொகை 49660. அடுத்து வந்த ஐயாவிடம் அதே மீன் 7.5 கிலோ இருந்தது; விலையும் அதே. எழுதுவினைஞர் துண்டில் 7.5 என்றும் 9750 என்றும் எழுதிக் கொடுத்தார். தொலைக்காட்சியில் 7.52 என்றும் 97500 என்றும் நின்றது.

அந்த ஐயா 97500 ரூபாய் கேட்கவில்லை. அவர் கேட்டது இதுதான்: "எடையும் 7.52 எண்டுது, காசும் பிழையாக் காட்டுது. அப்ப துண்டில எழுதினது மட்டும் என்னெண்டு சரி?" பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முந்தின நாட்களின் துண்டுகளை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எழுதுவினைஞர் அக்கா அழுதுவிட்டார். நம்பிக்கை கூட்டவென்று வைத்த திரை, இருந்த நம்பிக்கையையும் கெடுத்துக்கொண்டிருந்தது.

உடனடியாக எடுத்த முடிவுகள்

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி அந்த இடத்திலேயே நின்று புரோகிராமைத் திருத்தத் தொடங்கியிருந்தார். அதை நிறுத்தச் சொன்னேன். சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திருத்தினால், திருத்தியபின் வரும் சரியான எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள். தொலைக்காட்சியை அணைத்தோம். எண்காட்டியைத் திருப்பக்கூடிய அளவுக்கு மேசையைத் தள்ளிப் போட்டு, அன்று முழுக்கத் தராசைப் பார்த்தே எழுதச் சொன்னோம்.

அடுத்தது பதிவு. புரோகிராம் ஒவ்வொரு நிறுவையையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது. அதில் 7.5, 1300, 9750 என்று சரியாகவே இருந்தது. சங்கத் தலைவர் அந்தக் கோப்பை அச்சிட்டு, ஆட்களின் துண்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒரு துண்டிலும் பிழை இல்லை. கணக்கு சரி, காட்சிதான் பிழை என்று அன்றே சொல்ல முடிந்தது பெரிய உதவி. திரையில் எழுதும் பகுதியும் கோப்பில் எழுதும் பகுதியும் தனித்தனியாக இருந்ததால்தான் அது முடிந்தது.

காரணம்

புரோகிராமில் எடையைக் காட்டும் இடம் இரண்டே வேலை செய்தது: கர்சரை (அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் குறியை) 5ஆம் வரி, 10ஆம் நிரலுக்குக் கொண்டு போ, எண்ணை எழுது. நிரல் என்பது இங்கே மேலிருந்து கீழான கட்ட வரிசை.

கர்சரை நகர்த்தும் கட்டளை, எழுத்தோடு எழுத்தாகவே டெர்மினலுக்குப் போகிறது. எஸ்கேப் எழுத்து, அதாவது 27ஆம் குறி. அதன் பின் ஒரு சதுர அடைப்பு. வரி எண், அரைப்புள்ளி, நிரல் எண். முடிவில் ஆங்கிலப் பெரிய எச். இது பழைய ஏற்பாடு. 1976இல் வந்த எக்மா-48 என்ற நியமத்திலும், 1978இல் டிஜிற்றல் நிறுவனம் விற்பனைக்கு விட்ட விடி100 என்ற 24 வரி, 80 நிரல் டெர்மினலிலும் இருந்து வருவது. இன்றைய டெர்மினல் புரோகிராம்கள் எல்லாம் அதைத்தான் பின்பற்றுகின்றன. விண்டோஸ் கொன்சோலும் விண்டோஸ் 10 காலத்திலிருந்து அதை ஏற்கிறது. ஆனால் புரோகிராம் அந்த வசதியைக் கேட்டு இயக்க வேண்டும்.

அந்தக் கட்டளை நகர்த்தும், அவ்வளவுதான். அழிக்காது. டெர்மினலுக்கு எண் என்றோ சொல் என்றோ ஒன்றும் தெரியாது; அதனிடம் இருப்பது கட்டங்கள். 38.2 நான்கு கட்டத்தில் நிற்கிறது. அதன் மேல் 0.0 எழுதினால் முதல் மூன்று கட்டம் மாறும். நான்காவது கட்டத்தில் நின்ற 2 அப்படியே நிற்கும். படிக்கிறவர் கண்ணுக்கு அது 0.02. அடுத்து 7.5 வந்தால் 7.52. தொகையிலும் இதே கதை: 49660 ஐந்து கட்டம், 9750 நான்கு கட்டம், ஐந்தாவதில் பழைய பூச்சியம். 97500.

இப்படியான மிச்சம் ஒரு சொல்லில் வந்திருந்தால் பார்த்தவுடன் பிழை என்று தெரியும். எண்ணில் வந்தால் அது இன்னொரு செல்லுபடியான எண். அதுதான் இதில் ஆபத்து.

சோதனையில் ஏன் அகப்படவில்லை

இருவரும் சோதிக்காமல் கொண்டுவந்து வைக்கவில்லை. வீட்டில் தராசு இல்லாததால் எடை அனுப்புவது போல் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி 1.0, 2.0 என்று 120 வரை ஏற்றிப் பார்த்தார்கள். நிலையத்திலும் ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியாக அடுக்கிப் பார்த்தார்கள். எண் எப்போதும் வளர்ந்தது. நீண்ட எண் குறுகிய எண்ணை முழுதாக மூடிவிடும், மிச்சம் வர வழியே இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் புரோகிராமைப் புதிதாகத் தொடங்கினார்கள். தொடங்கும்போது திரை முழுதும் துடைபடும். எடை ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் ஒரு சாதாரண நிறுவைக் காலை அவர்களுடைய சோதனையில் ஒருபோதும் வரவில்லை.

புரோகிராமை வாசித்தபோது கண்டவை

பிழையைத் தேடப் போன இடத்தில் இன்னும் சில அகப்பட்டன. எழுதுவினைஞர் விலையைத் தட்டும்போது அந்த இலக்கங்கள் கர்சர் நிற்கும் இடத்தில்தான் தோன்றும். ஆகவே எடையை மாற்றிவிட்டுக் கர்சரை விலைக் கட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு எஸ்கேப் 7 என்று நிலையைச் சேமித்து, எஸ்கேப் 8 என்று திரும்பியிருந்தார்கள். நல்ல வழிதான். ஆனால் நேரம் காட்டும் பகுதி தனி இழையாக, அதாவது மற்றப் பகுதியோடு ஒரே நேரத்தில் தன்பாட்டில், ஓடியது. அதுவும் இதே 7, 8ஐப் பாவித்தது. டெர்மினலிடம் சேமிக்க இருப்பது ஒரே ஓர் இடம். எடை இழை சேமித்துவிட்டு நகர்ந்த நேரத்தில் நேர இழை குறுக்கே வந்து சேமித்தால், முதலில் சேமித்தது போய்விடும். எழுதுவினைஞர் 1300 என்று தட்டியது எடை வரியில் போய் விழுந்திருக்கிறது. "இடைக்கிடை அப்பிடி வாறதுதான், திரும்ப அடிப்பன்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அவர் அதை ஒரு முறைப்பாடாக ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

எண்ணும் முறையிலும் குழப்பம் நடந்திருந்தது; ஆரம்பத்திலேயே பிடித்துத் திருத்திவிட்டார்கள். பழைய டர்போ சியில், கர்சரை நகர்த்தும் கோட்டுஎக்ஸ்ஒய் கட்டளையில் பழகியவர்களுக்கு நிரல் முதல், வரி பிறகு. எஸ்கேப் கட்டளையில் வரி முதல், நிரல் பிறகு. இரண்டும் 1இல் தொடங்கும். டெர்மினல் திரையைப் பராமரிக்கும் கர்சஸ் நூலகத்திலும், லினக்ஸின் டிபுட் கட்டளையிலும் வரி முதல், ஆனால் 0இல் தொடங்கும். ஒரே புரோகிராமில் இரண்டு முறையைக் கலக்கக் கூடாது.

திருத்தம்

முதலில் தம்பி சொன்ன வழி, ஒவ்வொரு எடைக்கும் திரையை முழுதாகத் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதுவது. அதை ஏற்கவில்லை. செக்கனுக்குப் பல தடவை துடைத்தால் பெரிய தொலைக்காட்சியில் மினுக்கம் கண்ணை உறுத்தும், தட்டிக்கொண்டிருக்கும் விலையும் சேர்ந்து அழியும். அதோடு முழுத்திரையைத் துடைக்கும் கட்டளை கர்சரைத் தானாக மேலே கொண்டு போகாது. அதற்கும் தனியாக நகர்த்த வேண்டும்.

தங்கச்சி சொன்னது, நகர்த்தியபின் கர்சரிலிருந்து வரியின் முடிவுவரை அழிக்கும் கட்டளையை அனுப்புவது. எஸ்கேப், சதுர அடைப்பு, பெரிய கே. தொகை வரிக்கு அது போதும். எடை வரிக்குப் போதாது, ஏனென்றால் அதே வரியில் வலப்பக்கம் கிலோ விலை நிற்கிறது, அதுவும் அழிந்துவிடும்.

கடைசியில் எண்கள் எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்தோம். ஒவ்வொரு எண்ணுக்கும் நிலையான அகலம், வலப்பக்கம் ஒட்டி. எடைக்கு 6 கட்டம், தொகைக்கு 8 கட்டம். 7.5 என்றால் மூன்று வெற்றிடமும் 7.5உம். ஒவ்வொரு முறையும் ஆறு கட்டமும் எழுதப்படுவதால் பழையது ஒன்றும் தங்க முடியாது. அழித்துப் பிறகு எழுதும் இடைவெளியும் இல்லை, மினுக்கமும் இல்லை. தராசு 150 கிலோவரை நிறுக்கும், 150.0 ஐந்து கட்டம், மேடையில் இருந்து எதையாவது தூக்கும்போது வரும் கழித்தல் குறிக்கு இன்னொன்று. இந்த அகலத்துக்குள் அடங்காத எண் எப்படியோ வந்தால் இலக்கத்தை வெட்டிப் போடக் கூடாது. கட்டம் முழுவதும் சிறு கோடு போட வேண்டும். இதில் நான் பிடிவாதமாக நின்றேன். வெட்டிய எண்ணும் ஒரு எண்ணாகத்தான் தெரியும்.

திரையில் எழுதும் உரிமையை ஒரே ஒரு செயலிடம் மட்டும் கொடுத்தோம். எடை இழையும் நேர இழையும் தங்கள் மதிப்பை அதனிடம் ஒப்படைக்கும். அது சேமி, நகர், எழுது, திரும்பு என்ற நான்கையும் ஒரே சரமாகக் கோர்த்து, ஒரே தடவையில் அனுப்பி, உடனே ஃப்ளஷ் செய்யும், அதாவது தேங்கி நிற்பதைத் திரைக்குத் தள்ளும். ஃப்ளஷ் முக்கியம். வரி முறிவு இல்லாத எழுத்தைப் பைத்தான் தன் இடைத்தாங்கியில் வைத்திருக்கும். எடை திரைக்கு வராமல் பிந்தி நிற்கும்.

கர்சஸ் நூலகத்தைப் பாவித்திருக்கலாமே என்று வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். திரையின் பழைய நிலையை நினைவில் வைத்து, மாறிய கட்டங்களை மட்டும் எழுதுவது அதன் வேலை; ஒவ்வொரு முறையும் அழித்துத் திரும்ப எழுதினாலும் அங்கே மினுக்காது, மிச்சமும் தங்காது. அழிக்காமல் மேலே எழுதினால் மட்டும் அங்கேயும் இதே பிழை வரும். எண்ணும் ஆங்கிலமும் மட்டும் காட்டும் திரை என்றால் யோசிக்காமல் கர்சஸைத்தான் எடுக்க வேண்டும். இங்கே பட்டியலில் தமிழ் இருந்தது.

தமிழ்ப் பெயர்களும் நிரல்களும்

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் மீன் வகை, எடை, தொகை. மீன் பெயரை 14 எழுத்து அகலத்துக்கு வெற்றிடம் போட்டு நிரப்பியிருந்தார்கள். ஆனாலும் எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கவில்லை. பாரைக்கு ஓரிடம், விளைமீனுக்கு ஓரிடம், நண்டுக்கு ஓரிடம்.

விளைமீன் என்பதை நாங்கள் நான்கு எழுத்தாக வாசிக்கிறோம். யுனிகோடில் அது எட்டுக் குறி: வ, இகரக் குறி, ள, ஐகாரக் குறி, ம, ஈகாரக் குறி, ன, புள்ளி. எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக 24 பைட். பைத்தான் நீளம் கேட்டால் 8 என்று சொல்லும். திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும்? யுனிகோடில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகை. இகர, ஐகாரக் குறிகள் இடம் பிடிக்கும் வகை. அந்தக் கணக்கைப் பின்பற்றும் டெர்மினலில் 6 கட்டம். எல்லாக் குறிகளையும் மெய்யோடு சேர்த்துவிடும் டெர்மினலில் 4 கட்டம். ஆக, வெற்றிடம் போட்டு நிரப்புகிறவர் எந்த எண்ணை நம்புவது? கர்சஸும் இதே சிக்கலில்தான் மாட்டும்: அகலம் பற்றி நூலகம் ஒரு கணக்கு வைத்திருக்க, டெர்மினல் வேறு கணக்கு வைத்திருந்தால், கர்சர் எங்கே நிற்கிறது என்பதில் இரண்டுக்கும் ஒத்துவராது. அதன்பின் எழுதுவதெல்லாம் தள்ளித் தள்ளி விழும்.

இங்கேதான் கர்சரை நகர்த்துவதன் அருமை தெரிந்தது. பெயரின் அகலத்தைக் கணக்கிடுவதையே விட்டுவிட்டோம். வரியை முழுதாக அழி. முதல் நிரலில் பெயரை எழுது. அது எத்தனை கட்டம் பிடித்தாலும் பிடிக்கட்டும். பிறகு நேராக 18ஆம் நிரலுக்குப் போ. எஸ்கேப், சதுர அடைப்பு, 18, பெரிய ஜி. அங்கே எடையை எழுது. 26ஆம் நிரலுக்குப் போ, தொகையை எழுது. பெயருக்குப் போதிய இடம் விட்டிருந்தால் எந்த டெர்மினலிலும் எடைகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். தமிழ் காட்டும் டெர்மினல் அட்டவணை எழுதுகிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன்: வெற்றிடத்தால் நிரப்பாதீர்கள், நிரலுக்கு நேரே போங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கியபோது

திருத்திய புரோகிராமைத் திரும்ப வைத்து ஒரு கிழமைக்குள் இன்னொன்று வந்தது. வயதானவர்களுக்குத் தெரியவில்லை என்று யாரோ டெர்மினலின் எழுத்தை மேலும் பெரிதாக்கினார்கள். திரையில் இப்போது 11 வரிதான். 14ஆம் வரிக்குப் போ என்றால் டெர்மினல் பிழை ஒன்றும் சொல்லாது. இருக்கும் கடைசி வரியான 11இல் நிற்கும். பட்டியலின் கடைசி நான்கு வரிகளும் 11ஆம் வரியிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பட்டியல் எழுதும் இடத்தில் ஒரு வரி முறிவும் மிச்சம் இருந்தது. கடைசி வரியில் வரி முறிவு வந்தால் திரை முழுதும் ஒரு வரி மேலே ஏறும். ஒவ்வொரு பெட்டிக்கும் சங்கத்தின் பெயர் மேலே போய் மறைந்தது, எடை இரண்டு இடத்தில் நின்றது.

வரி முறிவை எடுத்தோம். தொடங்கும்போதும், சாளரத்தின் அளவு மாறியதாக இயங்குதளம் சமிக்ஞை அனுப்பும்போதும், வரி எத்தனை நிரல் எத்தனை என்று கேட்டுப் பார்க்கச் செய்தோம். 14 வரி இல்லையென்றால் பட்டியலைச் சுருக்கும்; 8 வரிகூட இல்லையென்றால் எண் ஒன்றும் போடாமல் "எழுத்தைச் சிறிதாக்கவும்" என்று மட்டும் காட்டும்.

பின்விளைவு

தொலைக்காட்சியை மறுபடி போட முன், சனத்துக்கு முன்னால் ஒரு காலை முழுவதும் தராசின் எண்காட்டியையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். தலைவர் அந்த ஐயாவையே கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். பெட்டியை இறக்கியதும் 0.0 வருகிறதா என்பதைத்தான் அவர் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் தானே ஒரு சின்னப் பையை வைத்து எடுத்தார், பிறகு ஒரு பெரிய பெட்டி, பிறகு மறுபடி பை. அதைவிட நல்ல சோதனையை நாங்கள் யோசித்திருக்கவில்லை. கடைசியில், "சரி தம்பி, போடுங்கோ" என்றார்.

அவர் செய்ததையே இருவரும் பிறகு தானியங்கிச் சோதனையாக எழுதினார்கள். டெர்மினலை நினைவகத்துக்குள்ளேயே நடத்திக் காட்டும் பைத்தான் நூலகம் இருக்கிறது; புரோகிராம் அனுப்பும் சரத்தை அதற்குக் கொடுத்தால், எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து நிற்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். 108.5, 38.2, 7.5, 0.0, கழித்தல் 0.3 என்று இறங்குவரிசையில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பிறகு 5ஆம் வரியின் கட்டங்களை வாசித்து ஒப்பிடுவார்கள். அனுப்பிய சரம் சரியா என்று பார்ப்பது இங்கே போதாது. பழைய புரோகிராமும் 7.5 என்ற சரியான சரத்தைத்தான் அனுப்பியது.

பிறகு ஒருநாள் சீரியல் வயர் கழன்றது. தராசில் வேறு எடை நிற்க, திரை 22.4இலேயே நின்றது. மிச்சம் என்பது பக்கத்துக் கட்டத்தில் மட்டும் தங்குவதில்லை, நேரத்திலும் தங்கும். இரண்டு செக்கனுக்குள் புது வாசிப்பு வராவிட்டால் எடைக் கட்டத்தில் சிறு கோடுகள் விழும்படி மாற்றினார்கள்.

அடுத்த முறை மாற்றுவது

எடைக்கும் விலைக்கும் ஒரே வரியைக் கொடுத்தது தேவையில்லாத சிக்கல். ஒரு வரிக்கு ஒரு மாறும் எண் என்று தொடங்கியிருந்தால் பெரிய கே மட்டுமே போதுமாக இருந்திருக்கும். விலை தட்டும் இடமும் காட்சித் திரையும் ஒன்றாக இருப்பதையும் பிரித்திருக்கலாம். எழுதுவினைஞருக்கு ஒரு டெர்மினல், தொலைக்காட்சிக்கு இன்னொன்று என்றால் கர்சரைச் சேமித்துத் திரும்பும் வேலையே வராது. அதை அடுத்த பதிப்பில் செய்வதாக இருக்கிறார்கள்.

முறைப்பாடு எழுத ஒரு கொப்பி வைக்கச் சொன்னேன். 0.02ஐயும், விலை வேறு வரியில் விழுவதையும் எழுதுவினைஞர் அக்கா கண்டிருந்தார்; அவை புரோகிராம் எழுதியவர்களின் காதுக்கு வந்திருந்தால் அந்தக் காலை அப்படி நடந்திருக்காது. இப்போது தராசுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி கட்டித் தொங்குகிறது. எழுத வேண்டியது மூன்றே விஷயம்: திரையில் என்ன நின்றது, தராசில் என்ன நின்றது, அதற்கு முந்தின பெட்டியின் எடை என்ன.

பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றும் இந்தப் புரோகிராமைக் கேட்டிருக்கிறது. அவர்களுடைய தராசு இரண்டு தசம தானம் அனுப்பும், 150.00 ஆறு கட்டம், கழித்தல் குறியோடு ஏழு. கட்டத்தை ஏழாக்கி, இறங்குவரிசைச் சோதனையை அவர்களுடைய தொலைக்காட்சியிலேயே, அவர்கள் பாவிக்கும் எழுத்தளவிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுப்பது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.